பழத்தின் பெயரை ஒட்டினால் மது ஜூஸாகிவிடுமா?



பதிவு நீளமானது. பெற்றோரும், கடை வைத்திருக்கும் சகோதரர்களும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும், விளையாட்டுக் கழகத் தம்பிமாரும் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வாசிக்காமல் மட்டும் எழுத வேண்டாம்.

இன்று நமது ஊர்களில் போதை என்று பேச்செடுத்தால் அது ஐஸ் பற்றிய பேச்சுத்தான். கூட்டம் கூடினாலும் ஐஸ், ஜும்ஆவில் பேசினாலும் ஐஸ், வட்ஸ்அப் குழுமத்தில் சண்டை பிடித்தாலும் ஐஸ். அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் மதுசாரம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது நம்மட ஆக்கள்ட பிரச்சினை இல்லையே" என்று ஒரே வசனத்தில் கதை முடிந்துவிடும். தவறணை, சாராயப் போத்தல், தள்ளாடும் நடுத்தர வயதுக்காரர்: நமது மனதில் மது என்றால் இந்தப் படம்தான். நமது பிள்ளைகளுக்கு இந்தப் படத்தில் எந்தக் கவர்ச்சியும் கிடையாது என்பதால் நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

அந்தப் படம் பழையது. உலகச் சந்தையில் இன்று வேகமாகப் பரவும் மது வகைகளில் ஒன்று பழச்சுவை சேர்த்து, சீனி சேர்த்து, வாயு அடைத்து, வண்ண டின்னில் வரும் மது. அது பீச்சாக இருக்கும், மாம்பழமாக இருக்கும், எலுமிச்சையாக, தர்பூசணியாக இருக்கும். சாராயத்தின் நெடி இருக்காது, கசப்பு இருக்காது. சோடாப் பெட்டிக்குள் வைத்தால் சோடாவாகவே தெரியும். இது யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வியைத்தான் இந்தப் பதிவில் கேட்கிறோம். முப்பது வருடமாகச் சாராயம் குடிப்பவருக்கு தர்பூசணிச் சுவை எதற்கு? இன்னும் குடிக்கத் தொடங்காதவருக்குத்தான் அது தேவை.

*முதலில் ஒரு சின்னக் கணக்கு*

"அதில என்ன இருக்கு, லைட்தானே" என்பது பலரும் சொல்லும் நியாயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 வீத மதுசாரம் கொண்ட 330 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 16.5 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. நிறையில் சொன்னால் ஏறத்தாழ 13 கிராம். 40 வீத விஸ்கி 30 மில்லிலீற்றர் ஊற்றினால் அதில் இருப்பது 12 மில்லிலீற்றர், ஏறத்தாழ 9.5 கிராம். அதாவது "லைட்" என்று சொல்லப்படும் அந்த ஒரு டின், ஒரு ஷொட் விஸ்கியை விடக் கூடுதலான மதுசாரத்தை உடலுக்குள் அனுப்புகிறது. வித்தியாசம் ஒன்றுதான். விஸ்கி தொண்டையில் இறங்கும்போது பதினாறு வயதுப் பையன் முகத்தைச் சுளித்து, இருமி, கிளாஸை வைத்துவிடுவான். இனிப்பு டின்னை வைக்கமாட்டான். இரண்டாவதையும் கேட்பான்.

கசப்பை வெறுப்பது அல்லாஹ் நமது நாவில் வைத்த ஒரு காவல். சிறுபிள்ளைக்கு மருந்து கொடுத்த ஒவ்வொரு உம்மாவுக்கும் இது தெரியும். மருந்துக் கம்பனி சிரப்பில் ஸ்ட்ரோபெரிச் சுவை சேர்ப்பது பிள்ளை குடிக்க வேண்டும் என்பதற்காக. மதுக் கம்பனி அதே சுவையைச் சேர்ப்பதற்கும் காரணம் வேறாக இருக்க முடியாது.

*இது புதிய தந்திரமும் இல்லை*

1995 இல் பிரித்தானியாவில் பாஸ் என்ற பழைய மதுவாலை நிறுவனம் "ஹூப்பர்ஸ் ஹூச்" என்ற எலுமிச்சைச் சுவை மதுவை வெளியிட்டது. போத்தலில் பல்லிளிக்கும் எலுமிச்சம்பழப் படம். அதற்குச் சற்று முன் அவுஸ்திரேலியாவில் "டூ டோக்ஸ்" வந்திருந்தது. இந்த வகைக்கு "அல்கோபொப்" என்று பெயர் விழுந்தது. சோடாவைக் குறிக்கும் சொல்லும் மதுசாரத்தைக் குறிக்கும் சொல்லும் ஒட்டிய பெயர். பாடசாலை வயதுப் பிள்ளைகளின் கையில் போத்தல் தெரியத் தொடங்கியதும் அங்கே பெற்றோரும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், மதுவை ஹராம் என்று நம்புபவர்களும் அல்லர். வீட்டில் வைன் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கே அது பிள்ளை பிடிக்கும் வேலையாகத் தெரிந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜெர்மனி 2004 இல் அல்கோபொப்புக்கென்றே தனி வரி போட்டது. அந்த வரி ஸ்பிரிட் சேர்த்த பானங்களுக்குரியது. உடனே சில உற்பத்தியாளர்கள் ஸ்பிரிட்டை எடுத்துவிட்டு பியரையும் வைனையும் அடிப்படையாக வைத்து அதே இனிப்புச் சரக்கைச் செய்தார்கள். அவுஸ்திரேலியா 2008 ஏப்ரலில் இந்த வகைக்கான வரியை ஒரேயடியாக 70 வீதம் கூட்டியது. அங்கேயும் பியர் அடிப்படையிலான பானங்கள் புதிய வழியாக வந்தன. அரசு பியருக்கான வரைவிலக்கணத்தையே திருத்த வேண்டி வந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கட்டத்தில் பழச்சுவை மதுவுக்குள் கஃபீனும் சேர்த்தார்கள். போதை ஏறியது தெரியாமல் விழித்திருந்து மேலும் குடிப்பதற்கு அது வழி செய்தது. 2010 நவம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் நான்கு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய பிறகே அது நின்றது. 2016 இல் "வைட் க்ளோ" வந்தது. பழ வாசனை போட்ட சோடாத் தண்ணீருக்குள் மதுசாரம். சீனி குறைவு, கலோரி குறைவு, உடலுக்குக் கெடுதல் குறைவு என்ற தோற்றம். இந்த முறை குறி உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களும் பெண்களும்.

பெயர் மாறியது, அடிப்படைச் சரக்கு மாறியது, டின்னின் நிறம் மாறியது. உள்ளே இருந்த எதனோல் மாறவில்லை. மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு குடிப்போர் தோன்றுவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துச் சென்றதை நாம் சிறுவயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்த எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை ஒன்றை நாம் கண்டதில்லை.

*ஆசியாவுக்கு வந்த கதை*

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் கிழக்கே பாருங்கள்.

ஜப்பானில் "சூஹை" என்ற பழச்சுவை டின் மது பல காலமாக உண்டு. 2009 இல் சன்டோரி நிறுவனம் "ஸ்ட்ரோங் ஸீரோ"வை இறக்கியது. ஸீரோ என்றது சீனியைத்தான். 9 வீத வகையின் 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் ஏறத்தாழ 36 கிராம் மதுசாரம். 2024 பெப்ரவரியில் ஜப்பான் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு நாளில் ஆணுக்கு 40 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்ற அளவைத் தொட்டாலே வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்துக் கூடுகிறது. ஒரே ஒரு எலுமிச்சை டின்னிலேயே ஒரு பெண் அந்த அளவைத் தாண்டிவிடுகிறாள். இந்தக் கவலை வளர்ந்த பிறகுதான் அசாஹி போன்ற பெரிய நிறுவனம், 8 வீதமும் அதற்கு மேலுமான புதிய சூஹை வகைகளை வெளியிடமாட்டோம் என்று அறிவித்தது. பதினைந்து வருடம் விற்றதற்குப் பிறகு வந்த ஞானம்.

தென்கொரியாவில் 2015 மார்ச்சில் லொட்டே நிறுவனம் 14 வீத மதுசாரத்துடன் யூசுப்பழச் சுவை சோஜுவை வெளியிட்டது. சில மாதங்களில் போட்டிக் கம்பனிகளும் மாதுளை, புளூபெரி என்று இறங்கின. கொரியாவுக்குள் அந்த மோகம் விரைவில் தணிந்தது. ஆனால் ஏற்றுமதி வளர்ந்தது, குறிப்பாகத் தென்கிழக்காசியாவுக்கு. எப்படி வளர்ந்தது? அந்தப் பச்சைப் போத்தலுக்கு யாரும் தனியாக விளம்பரம் போடத் தேவைப்படவில்லை. கொரிய நாடகத்தில் காதல் தோற்றாலும், வேலை கிடைத்தாலும், நண்பர்கள் சந்தித்தாலும் மேசையில் அந்தப் போத்தல் இருக்கிறது. நமது வீடுகளில் ஏ.எல். படிக்கும் பெண்பிள்ளைகள் போனில் பார்ப்பதும் அதே நாடகம். சாராயத்தைக் கண்டால் மூக்கைப் பொத்தும் பிள்ளைக்கு அந்தப் போத்தலைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். அதற்கு என்ன பெயர், எப்படி ஊற்றிக் கொடுக்க வேண்டும், பெரியவர் முன்னால் முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும் என்பது வரை சொல்லுவாள். நாடகம் பார்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

பக்கத்து இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை. அதனால் சோடாவுக்கும் இசைத்தட்டுக்கும் என்று மதுவின் பெயரிலேயே விளம்பரம் வரும். "பிரீஸர்" என்ற பழச்சுவை மதுவின் பெயரில் ஹிப்-ஹொப் நடனப் போட்டியே நடத்தினார்கள். நடனப் போட்டிக்கு வருவது எந்த வயதினர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. 2018 இல் கொக்கா-கோலா நிறுவனம் ஜப்பானில் தனது எலுமிச்சை மதுவை வெளியிட்டது. 2022 இல் பெப்சியின் "மவுண்டன் டியூ" பெயரில் அமெரிக்காவில் மதுசாரப் பானம் வந்தது. அதே வருடம் ஜாக் டேனியல்ஸ் விஸ்கியும் கொக்கா-கோலாவும் ஒரே டின்னில், இரண்டு பெயர்களையும் போட்டு மெக்சிக்கோவில் விற்பனைக்கு வந்து, பின்னர் பல நாடுகளுக்குப் போனது. பிறந்தநாள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை குடிக்கும் பானத்தின் பெயர் இனி மது டின்னிலும் இருக்கும். பிள்ளைக்கு அந்தப் பெயர் பழகியது. அந்தப் பழக்கத்தைத்தான் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

*குடிக்காதவர்கள்தான் சந்தை*

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதுச் சந்தைப்படுத்தல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் குடிக்கப்படும் மதுசாரத்தில் நான்கில் மூன்று பங்கை ஆண்களே குடிக்கிறார்கள் என்பதையும், பெண்கள் குறைவாகக் குடிப்பதை இத்தொழில் வளர்ச்சிக்கான ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. எல்லை தாண்டி வரும் இணைய விளம்பரங்களை ஒரு நாட்டின் சட்டத்தால் மட்டும் தடுக்க முடியவில்லை என்றும் சொன்னது.

இந்த இடத்தில் நமது சமூகம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குறைவாகக் குடிப்போர் ஒரு வாய்ப்பு என்றால், குடிக்காத சமூகம் அதைவிடப் பெரிய வாய்ப்பு. "நாம குடிக்கிறதில்லையே, நமக்கு ஏன் இது" என்று நாம் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். ஏற்கனவே குடிப்பவரிடம் ஒரு போத்தலை விற்கலாம். பதினெட்டு வயதில் தொடங்குபவரிடம் ஐம்பது வருடம் விற்கலாம்.

விலையை யார் கொடுக்கிறார்கள்? 2019 இல் உலகில் 26 இலட்சம் மரணங்கள் மதுசாரத்தோடு தொடர்புபட்டவை என்று உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த மரணங்களின் பங்கு ஆகக்கூடுதலாக இருப்பது 20 முதல் 39 வயது வரையானவர்களிடம். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுசாரத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது 1988 இல். அது பியருக்கும் பொருந்தும், பீச் சுவைக்கும் பொருந்தும்.

*"ஸீரோ" என்ற வாசல்*

இனி நமக்குள்ளேயே சூடாக விவாதிக்கப்படும் விடயத்துக்கு வருவோம். 0.0 வீதப் பியர், மோல்ட் பானங்கள்.

கட்டார், சவூதி என்று போய்வந்த நானாமாரின் பெட்டியில் பார்பிகன், மௌஸி டின்கள் வந்த காலத்தில் இருந்தே நமக்கு இது பழக்கம். பார்பிகன் என்பது முதலில் பிரித்தானியாவில் பாஸ் நிறுவனத்தின் மதுசாரமற்ற பியரின் பெயர். பின்னர் சவூதியின் அவுஜான் குழுமத்தின் கைக்கு வந்தது. மேலே ஹூச் விற்றவர்களும் அதே பாஸ்தான். மௌஸி கார்ல்ஸ்பேர்க் குழுமத்தைச் சேர்ந்தது. அதைக் குடித்தவர் ஹராம் குடித்தார் என்று நாம் சொல்லவில்லை. பத்வாக் கொடுப்பது உலமாக்களின் வேலை. பழுத்த பழத்திலும் பாணிலும் கூட மிகச் சிறு அளவு மதுசாரம் இயற்கையாகவே உண்டு என்பதையும் அறிவோம். இந்தோனேசிய உலமா சபையின் 2018 ஆம் ஆண்டு பத்வா ஒன்று, மது அல்லாத பானங்களில் 0.5 வீதத்துக்குக் குறைந்த மதுசாரம் இருப்பதை, உடலுக்குத் தீங்கில்லை என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. அதே சபையின் 2003 ஆம் ஆண்டு பத்வா, ஹராமின் பக்கம் இழுக்கும் பெயர்களையும் அடையாளங்களையும் கொண்ட பொருட்களுக்கு ஹலால் சான்று கிடையாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒன்று உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறது, மற்றது வெளியே எழுதியிருப்பதைப் பற்றிப் பேசுகிறது.

நமது கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது. பியர்க் கம்பனி தனது பியரின் அதே பெயரில், அதே நிற டின்னில், அதே சின்னத்துடன் "0.0" என்று ஒன்றை ஏன் விற்கிறது? இந்தோனேசியாவில் 2015 ஏப்ரலில் சிறு கடைகளில் 5 வீதத்துக்குக் குறைந்த மதுவைக்கூட விற்கத் தடை வந்தது. ஆனால் நாட்டின் பிரபல பியரான பின்டாங்கின் பெயரில் 0.0 வீத எலுமிச்சைப் பானம் விற்கத் தடை இல்லை. பெயர் பிள்ளையின் கண்முன் இருந்துகொண்டே இருக்கும். மலேசியாவில் 2019 இல் ஹைனகன் 0.0 வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அது முஸ்லிம் அல்லாத, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது என்று விற்ற நிறுவனமே விளக்கம் சொன்னது. விற்பவனே "முஸ்லிம்களுக்கு அல்ல" என்று சொன்ன ஒன்றை, "ஸீரோதானே மச்சான், ஹலால்" என்று சொல்லிப் பெருநாள் ட்ரிப்பில் ஐஸ்பெட்டிக்குள் போடும் தம்பிமாரிடம் வேறென்ன சொல்வது?

பழகுவது நாக்கு மட்டும் இல்லை. டின்னைத் திறக்கும் கையும், அதைப் பிடித்து செல்பி எடுக்கும் கூச்சமின்மையும் பழகுகிறது. அடுத்த முறை நண்பன் நீட்டும் டின்னில் 0.0 என்பதற்குப் பதிலாக 4.8 என்று இருந்தால், அந்தச் சின்ன எழுத்தைத் தவிர வேறு எதுவும் வித்தியாசமாக இருக்காது.

*நமது நாட்டில் சட்டம் இருக்கிறது*

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை உருவானது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக் கூடாது. மதுவை விளம்பரப்படுத்தக் கூடாது. மதுப் பெயரில் விளையாட்டு, கல்வி, கலாசார நிகழ்வுகளுக்கு அனுசரணை வழங்கக் கூடாது. உலகின் பல நாடுகளில் இல்லாத அளவுக்கு நல்ல சட்டம்.

ஆனால் 2006 இல் எழுதப்பட்ட சட்டம், டிக்டொக்கும் இன்ஸ்டாகிராமும் இல்லாத காலத்துச் சட்டம். இன்று பதாகை தேவையில்லை. கடற்கரைப் பார்ட்டியில் டின்னைப் பிடித்த ஒரு படம் போதும். அதைப் பகிர்பவன் சம்பளம் வாங்காத விளம்பரக்காரன். அதே நேரம் அனுமதிப்பத்திரங்களும் குறையவில்லை. 2024 இல் மட்டும் நாடு முழுவதும் 300 க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதாக அந்த வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியலே வெளியிடப்பட்டது.

"வரி வருமானம் வேண்டாமா, சுற்றுலா வேண்டாமா" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அறுகம்பையைப் பாருங்கள் என்கிறார்கள். பார்க்கிறோம். பொத்துவில் மக்களின் பிழைப்புக்கு அலைகளும் வெளிநாட்டாரும் தேவைதான். ஆனால் சேர்ஃபிங் பலகை வாடகைக்குக் கொடுக்கும் நமது பதினேழு வயதுப் பையன் மாலையில் எந்த மேசையில் உட்காருகிறான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வருமானத்தைப் பொறுத்தவரை, மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. அதன் கேடு பயனை விடப் பெரியது என்றே சூரா அல்-பகரா கற்றுத்தருகிறது. திறைசேரிக்கு வரும் வரி கண்ணுக்குத் தெரிகிறது. அரசாங்க வைத்தியசாலையின் ஈரல் நோய்க் கட்டிலும், இரவு விபத்தில் வந்தவனின் சத்திரசிகிச்சையும், மனைவி வாங்கிய அடியும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை.

"முஸ்லிம்கள் தங்கட சட்டத்தை எல்லாருக்கும் திணிக்கிறாங்க" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாம் கேட்பது இந்த நாட்டுச் சட்டத்தைத்தான். மதுவை விலக்குவது பௌத்தர்களின் ஐந்தாவது சீலம். 1904 இலும் 1912 இலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் பின்னாளில் சுதந்திரத்துக்குத் தலைமை தாங்கிய சேனாநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சாராயத்தாலும் கசிப்பாலும் படும் துயரம் அவர்களிடமே கேட்டால் தெரியும். இந்த விடயத்தில் நமக்குப் பக்கத்து ஊரில் எதிரிகள் இல்லை, கூட்டாளிகள்தான் இருக்கிறார்கள்.

*குடிப்பவன் பத்தில் ஒருவன்*

மது தொடர்பில் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸை ஆலிம்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், வாங்குபவர், அதன் பணத்தை உண்பவர் என்று மற்ற ஒன்பதும் வேறு ஆட்கள்.

நமது ஊர்களில் அந்த ஒரு ஆளைத்தான் ஏசுகிறோம். பிரதான வீதியில் உள்ள தனது கட்டடத்தை மதுபானசாலைக்குக் கூடுதல் வாடகைக்குக் கொடுத்துவிட்டு முதல் சஃப்பில் நிற்பவரை யாரும் ஏசுவதில்லை. அவர் பள்ளிக்குக் கொடுத்த ஏ.சி. குளிர்மையாக இருக்கிறது. விநியோகத்துக்கு லொறி ஓட்டுபவரிடம் வேறு வேலை இல்லாமல் இருக்கலாம். அவரைக் குத்திக்காட்டுவது நமது நோக்கமல்ல, அவருக்கு வேறு வழி தேடிக்கொடுப்பது ஊரின் கடமை. ஆனால் தெரிவு செய்ய வசதி உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி யார் தந்தார் என்று கேட்காமல் வாங்குபவர்களுக்கும் கிடையாது.

பையனைப் பிடித்தால் என்ன செய்கிறார்கள்? அடித்து, மண்டியிட வைத்து, வீடியோ எடுத்து, வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். மது குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒரு ஸஹாபியை ஒருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். அந்த நபியின் உம்மத்து, பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்தை இரண்டாயிரம் பேருக்கு அனுப்புகிறது. அந்தப் பிள்ளை இனி எந்த முகத்தோடு பள்ளிக்கு வருவான்? வரமாட்டான். டின்னைக் கொடுத்தவனிடம்தான் போவான்.

*செய்ய வேண்டியவை*

1. பெற்றோர்: பிள்ளையின் கையில் உள்ள டின்னின் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தை வாசியுங்கள். மதுசார வீதம் எங்கோ ஒரு மூலையில் சிறிதாக இருக்கும். பிள்ளைக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். ஏசுவதற்கு முன் ஒரு தடவை கதைத்துப் பாருங்கள். ஓ.எல். முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். நேரமும் நண்பர்களும் மோட்டார்சைக்கிளும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் அது.

2. ஆசிரியர்கள்: மேலே போட்ட கிராம் கணக்கை வகுப்பில் பிள்ளைகளே போடட்டும். கணிதமும் ஆயிற்று, சுகாதாரமும் ஆயிற்று. விளம்பரத்தைக் காட்டி "இது யாருக்காகச் செய்யப்பட்டது" என்று கேளுங்கள். ஏமாற்றப்படுவது எந்த இளைஞனுக்கும் பிடிக்காது. பயமுறுத்தலை விட இந்தக் கேள்வி அவர்களிடம் நன்றாக வேலை செய்யும்.

3. பள்ளிவாசல்களும் உலமாக்களும்: மது ஹராம் என்பது நமது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எது மது என்பதுதான் இன்று தெரியாமல் இருக்கிறது. பழச்சுவை டின், 0.0 பியர், சோஜு, பெயர் மாற்றம் இவற்றையெல்லாம் பெயர் சொல்லி மிம்பரில் விளக்க வேண்டும். கூடுதலாகக் குடித்தால் போதை தருவதில் கொஞ்சமும் ஹராம் என்ற அடிப்படையை இந்த உதாரணங்களோடு சொன்னால் இளைஞர் மனதில் நிற்கும். விழுந்தவன் இரகசியமாக வந்து பேச ஒரு கதவும் திறந்திருக்க வேண்டும்.

4. விளையாட்டுக் கழகங்கள்: மதுப் பெயரோ, அதே பெயரிலுள்ள சோடா, தண்ணீர், ஸீரோ பானமோ எந்த அனுசரணையும் வேண்டாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஜேர்சிக்கு ஊரே காசு போடும்.

5. கட்டட உரிமையாளர்களும் கடைக்காரர்களும்: பட்டியலின் மற்ற ஒன்பது பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஊர் முழுவதும்: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது தெரிந்தால் மதுவரித் திணைக்களத்துக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். புதிய அனுமதிப்பத்திரம் வரப்போகிறது என்று தெரிந்தால் பிரதேச செயலகத்துக்கு ஆட்சேபனையை மூன்று சமூகத்தவரும் சேர்ந்து எழுதுங்கள். கடையை உடைப்பதும் ஆளை அடிப்பதும் வீடியோ எடுப்பதும் வேண்டாம். அது நம்மையும் அழிக்கும், நோக்கத்தையும் அழிக்கும்.

இதெல்லாம் ஒரு டின்னுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்பார்கள். ஐஸ் வந்தபோதும் ஆரம்பத்தில் "கொழும்புப் பிரச்சினை" என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அது நமது ஒழுங்கைக்குள் வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை எல்லோரும் அறிவோம். இது ஒழுங்கைக்குள் வரும்போது போதை மாதிரி வராது. பெருநாள் ட்ரிப்பிலும் கல்யாண வீட்டுக்குப் பின்னாலும் குளிர்ந்த பழச்சாறு மாதிரி வரும். அடையாளம் கண்டு சொல்லக்கூடியவர்கள் அப்போது பிள்ளைகளின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. விழுந்தவர்களை எழுப்புவானாக. ஆமீன்.

பயன் என்று நினைத்தால் பகிருங்கள். பகிர்வதற்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.